முதலில் கம்பி, பிறகு ஜீப்: தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு நாள் சாகசப் பயணத்துக்குத் திட்டமிடுவது எப்படி?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் அக்டோபர் மாதம், அக்கா மகனும் அவன் நண்பர்கள் மூவரும் சென்னையிலிருந்து தருமபுரி வந்து இறங்கினார்கள். ஒரே நாளில் ஜீப் சவாரி, உயரத்தில் கட்டிய கம்பியில் தொங்கியபடி சறுக்கிப் போகும் ஜிப்லைன், ஒகேனக்கல் பரிசல், மீன் வறுவல் எல்லாம் வேண்டும் என்றார்கள். உள்ளூர்க்காரன் என்ற மிதப்பில் நானும் தலையாட்டிவிட்டேன். உச்சி வெயில் வரை ஜீப்பில் புழுதி தின்றோம். மூன்று மணிக்கு ஜிப்லைன் மேடையில் ஏறி நின்றபோது இடி முழங்கியது. பணியாளர் கம்பியைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கச் சொன்னார். அது சரியான முடிவுதான். தவறு எங்கள் திட்டத்தில் இருந்தது. ஒகேனக்கல் போய்ச் சேர்ந்தபோது பரிசல் துறையும் மூடியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து அதே பிள்ளைகளை மறுபடியும் அழைத்துப் போனேன். இம்முறை பட்டியலில் பாதியை அடித்துவிட்டேன். முதன்முறை போகிறவர்களுக்கு அந்தத் திட்டம் இதோ.

படி 1: காடு எது, பட்டா நிலம் எது?

வாடகை ஜீப்பைத் தேடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல் சுற்றுவட்டாரக் காடுகளில் பெரும்பகுதி காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் வருகிறது. 2014-இல் அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு 504 சதுர கிலோமீட்டர். 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமும் சேர்ந்துகொண்டது. அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைவதே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எனவே கரடுமுரடான தடத்தில் வண்டி ஓட்டும் ஆசையைத் தனியார் தோட்டங்களில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஜிப்லைனும் வண்டியும் வைத்திருக்கும் சாகச முகாமுக்குத் தொலைபேசியில் பேசும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "வண்டி போகும் தடம் முழுவதும் பட்டா நிலமா?" மறுமுனையில் "ரேஞ்சர் நமக்கு வேண்டியவர்தான்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

படி 2: மாதம் பார்த்தல்

வெப்பமண்டலக் காடு என்றதும் கொடிகள் பின்னிய மழைக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். நம்முடையதும் வெப்பமண்டலக் காடுதான், ஆனால் இலையுதிர் காடு. மூங்கிலும் வெக்காலி மரமும் நிறைந்த இந்தச் சரிவுகள் மார்ச் மாதத்தில் எலும்புக்கூடுபோல நிற்கும். தீப்பிடிக்கும் காலமும் அதுதான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பச்சையின் மேல் பறக்க வேண்டுமென்றால் நவம்பர் முதல் ஜனவரி வரை வாருங்கள்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. கொல்லைகளில் ராகி முற்றும் காலமும் அதேதான். கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு இறங்கிவிடும். பகலில் காட்டுக்குள் இருப்பவை, பொழுது சாய்ந்ததும் ராகிக்கு வரும். நாள் முழுவதற்குமான கணக்கை இங்கிருந்து பின்னோக்கிப் போடுங்கள்: மாலை நான்கு மணிக்கு முகாமை விட்டுக் கிளம்பியாக வேண்டும். தருமபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகச் சுமார் இரண்டு மணி நேரப் பயணம் என்பதால், காலை ஆறு மணிக்குள் வண்டி ஏறுங்கள்.

படி 3: உடையும் சாப்பாடும்

முழுக்கால் சட்டை, கணுக்காலை மூடும் ஷூ. துப்பட்டா, நீளச் சங்கிலி வேண்டாம். கூந்தலை இறுக்கிக் கட்டுங்கள். கண்ணாடி போட்டவர்கள் அதற்கொரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு இட்லி போதும். களியும் கறிக்குழம்பும் மதியத்துக்கு.

படி 4: கம்பி

ஜிப்லைனை முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். இங்கே இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், இடி கேட்டால் கம்பியில் ஏறக் கூடாது.

மேடையைப் பார்த்ததும் எனக்கு ராகிக் கொல்லைப் பரண்தான் நினைவுக்கு வந்தது. கம்பியை மரத்தில் கட்டியிருந்தால், மரத்துக்கும் கம்பிக்கும் நடுவே பலகைத் துண்டுகள் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பட்டையில் கம்பி நேராக அறுத்துக்கொண்டிருந்தால், அந்த முகாமில் மற்றவையும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

அடுத்து ஹார்னஸ், அதாவது உடலைத் தாங்கும் வார்ப்பட்டை. இடுப்பு வார் இடுப்பெலும்புக்கு மேலே நிற்க வேண்டும். தொடை வாருக்குள் தட்டையாக விரல்கள் நுழையலாம், முஷ்டி நுழையக் கூடாது. கொக்கியின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், திறக்கக் கூடாது. உங்களைக் கம்பியோடு இணைக்க, கம்பியில் ஓடும் உருளையிலிருந்து ஒன்று, தனியாக இன்னொன்று என இரண்டு பிடிகள் இருக்க வேண்டும். மேடையில் நிற்கும்போதுகூட ஏதாவது ஒரு கொக்கி மாட்டியபடியே இருக்க வேண்டும். ஒன்றை மாட்டிய பிறகுதான் மற்றதைக் கழற்றுவார்கள். மறுமுனையில் வேகத்தை நிறுத்த என்ன இருக்கிறது, அது தவறினால் அடுத்தது என்ன என்றும் கேளுங்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிப்பவரிடம் உயிரை ஒப்படைக்க வேண்டியதில்லை.

உடல் எடைக்கு மேல் வரம்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும். கீழ் வரம்பு இருப்பதை நான் அன்றுதான் கற்றேன். அக்கா மகனின் நண்பன் ஒருவன், முருங்கைக்காய் மாதிரி இருப்பான். சரசரவென்று போனவன் மறுமுனைக்குப் பத்தடி இருக்கும்போது நின்று, மெதுவாகப் பின்னோக்கி நகர்ந்து, நடுப்பள்ளத்தில் தொங்கினான். கம்பி தன் எடையாலும் நம் எடையாலும் தொய்வதால் கடைசிப் பகுதி சற்று மேடாகத்தான் இருக்கும். எடை குறைந்தவர்களைக் காற்று எளிதில் தடுத்துவிடும். பணியாளர் ஒருவர் கம்பியைப் பிடித்து நகர்ந்து வந்து அவனை இழுத்துப் போனார். அதுவரை அவன் "மாமா, மாமா" என்று கூவியது அஞ்செட்டி வரை கேட்டிருக்கும். ஒல்லியானவர்கள் முழங்காலை மார்போடு மடக்கிக்கொண்டால் வேகம் குறையாது. வேகம் அதிகமானால் கை கால்களை விரியுங்கள். எந்த நிலையிலும் உருளைக்கு முன்னால் கம்பியைத் தொடாதீர்கள். விரல் போய்விடும்.

படி 5: வண்டி

ஏடிவி எனப்படும் நான்கு சக்கர மோட்டார் வண்டி பார்ப்பதற்கு எளிது. ஓசூரில் மொபெட் செய்து நாடெங்கும் அனுப்பும் மாவட்டத்துக்காரர்களுக்கு அதில் ஒரு ஆபத்து காத்திருக்கிறது: வண்டி சாய்ந்தால் காலை ஊன்றும் பழக்கம். ஏடிவியில் காலை ஊன்றினால் பின்சக்கரம் அதன் மேல் ஏறும். என்ன ஆனாலும் பாதங்கள் மிதியிலேயே இருக்கட்டும். ஏற்றத்தில் முன்னால் சாயுங்கள், இறக்கத்தில் பின்னால்.

ஜீப் ஓட்டக் கொடுத்தால், கட்டைவிரலை ஸ்டீயரிங் வளையத்துக்குள் நுழைக்காமல் விளிம்பின் மேலேயே வையுங்கள். சக்கரம் கல்லில் இடித்தால் ஸ்டீயரிங் சட்டென்று திரும்பும். விரலை முறிக்க அது போதும். செங்குத்தான இறக்கத்தில் முதல் கியரில் விட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். ஓடை குறுக்கிட்டால் ஒருவர் இறங்கிக் கோலால் ஆழம் பார்த்த பிறகுதான் வண்டி இறங்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், மறுநாள் முதுகு கேட்கும்.

படி 6: திரும்புதல்

வழியில் யானை நின்றால் தொலைவிலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், விளக்கை மினுக்க வேண்டாம், படம் எடுக்கக் கீழே இறங்கவே வேண்டாம். மெல்லப் பின்வாங்கிக் காத்திருங்கள். சில வளைவுகளில் சிக்னல் கிடைக்காது என்பதால், முகாமை விட்டுக் கிளம்பும்போதே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒகேனக்கலை அதே நாளில் நுழைக்காதீர்கள். இரவு தருமபுரியில் தங்கி மறுநாள் காலை போங்கள், 46 கிலோமீட்டர்தான். கிளம்பும் முன், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை கனஅடி என்று செய்தியில் பாருங்கள். வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். பரிசல் ஓடினால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமல் உட்காருங்கள். கரையோரம் மீன் வறுத்துத் தரும் அக்காவிடம் சென்னைப் பிள்ளைகளுக்குக் காரம் குறைக்கச் சொல்லுங்கள். பொட்டலம் கட்டி வாங்கினால் கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்; குரங்குகள் நம்மைவிட நன்றாகத் திட்டமிடும்.