ரவுண்டானாவில் இண்டிகேட்டர்: எங்கே தவறுகிறோம்?

ரவுண்டானாவில் இண்டிகேட்டர் போடாமல் வருபவரைவிட, அவசரப்பட்டுப் போடுபவரால்தான் ஆபத்து அதிகம். எதுவும் போடாத வண்டியைக் கண்டால், உள்ளே நுழையக் காத்திருப்பவர் தயங்கி நிற்பார். இடது இண்டிகேட்டர் எரிந்தாலோ, ‘இந்தச் சாலையில் இறங்குகிறார்’ என்று நம்பி வண்டியை எடுத்துவிடுவார். நீங்கள் இறங்கப்போவது அடுத்த சாலையில் என்றால் மோதல்தான்.

ஆகவே, நீங்கள் இறங்க வேண்டிய சாலைக்கு முந்தைய சாலையைத் தாண்டிய பிறகே இடது இண்டிகேட்டர் போடுங்கள். (இது இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடம், வலம் மாறும். சில இடங்களில் விதியே வேறு: ஜெர்மனியில் நுழையும்போது இண்டிகேட்டர் போடக்கூடாது, வெளியேறும்போது கட்டாயம்.) முதல் சாலையிலேயே திரும்புபவர் மட்டும் நுழைவதற்கு முன்பே இடது போட்டு, வெளியேறும்வரை அப்படியே விடலாம்.

நேராகப் போகிறவர் நுழையும்போது எதுவும் போட வேண்டாம். சுற்றிப் போகிறோமே என்று சிலர் வலது போடுவார்கள். எதிர்ப்பக்கம் காத்திருப்பவர் வீணாக நிற்பார். இன்னும் சிலர் நான்கு விளக்கையும் எரியவிடுவார்கள். இது அதைவிட மோசம். பக்கவாட்டில் இருப்பவருக்கு உங்கள் ஒரு பக்க விளக்குதான் தெரியும். நீங்கள் அந்தப் பக்கம் திரும்புவதாகவே நினைப்பார்.

வலப்பக்கம் திரும்பவோ யூ டர்ன் எடுக்கவோ போகிறவர், நெருங்கும்போதே வலது போட வேண்டும். இங்கேதான் கார் காலை வாரும். நுழையும்போது ஸ்டீயரிங்கைச் சற்று இடப்பக்கம் ஒடிப்பதால், வலது இண்டிகேட்டர் தானாகவே அணைந்துவிடலாம். ‘டிக் டிக்’ சத்தம் நின்றால் மறுபடி போடுங்கள். பிறகு முந்தைய சாலையைத் தாண்டியதும் இடதுக்கு மாற்றுங்கள். இந்த மாற்றத்தை மறப்பவர்கள்தான் அதிகம்.

லீவரை லேசாகத் தட்டினால் பல கார்களில் மூன்று முறை மட்டுமே மின்னும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்னுவது வழக்கம் என்பதால், அது சராசரியாக இரண்டு நொடி சமாச்சாரம். 30 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் சுமார் 17 மீட்டர் போய்விடுவீர்கள். லீவரை முழுமையாகத் தள்ளுங்கள். வெளியேறிய பிறகு ஸ்டீயரிங் அதிகம் திரும்பாவிட்டால் அது அணையாமலே இருக்கும். கையால் அணைக்க வேண்டும். பெரும்பாலான பைக்குகளில் தானாக அணையும் வசதியே கிடையாது.

இடது போடுவதற்கு முன் இடப்பக்கக் கண்ணாடியையும் தோளுக்குப் பின்னாலும் ஒரு பார்வை பாருங்கள். இடுக்கில் சைக்கிளோ பைக்கோ வந்துகொண்டிருக்கலாம். இண்டிகேட்டர் போட்டதாலேயே வழி உங்களுடையது ஆகிவிடாது.

மிகச் சிறிய ரவுண்டானாக்களில் வெளியேறும் இண்டிகேட்டருக்கு நேரமே இருக்காது. அங்கே லீவரைத் தேடிக்கொண்டிருப்பதைவிட ஸ்டீயரிங்கில் கவனம் வைப்பது மேல்.

நீங்கள் காத்திருக்கும்போது, வருகிறவரின் இண்டிகேட்டரை மட்டும் நம்பி நுழையாதீர்கள். அவருடைய முன்சக்கரம் வெளியே திரும்புகிறதா, வேகம் குறைகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.