மூலநிரலிலிருந்து தொகுக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூலநிரலைத் தொகுத்து, அதாவது கம்பைல் செய்து, நிறுவும்போது ரீட்மீ கோப்பைப் படிக்காமல் தொடங்குவது, வட்டில் இடமில்லாமல் பாதியில் நிற்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை அன்றைக்கே முகத்தில் அறைந்து புத்தி சொல்லிவிடும். நான் சொல்ல வந்தவை, செய்யும்போது வெற்றி போலவே தெரிகிற தவறுகள். லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் அவற்றை அச்சு மாறாமல் செய்கிறார்கள். எங்கள் தலைமுறையும் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்ததுதான்.

பதிப்பு எண்ணைப் பார்த்துப் பதறுவது

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகங்கள் நிரல்களை நிறுவத் தயாரான பொதிகளாகக் களஞ்சியத்தில் தருகின்றன. "களஞ்சியத்தில் இருப்பது பழைய பதிப்பு" என்று சொல்லித்தான் பலர் மூலநிரலைத் தேடிப் போகிறார்கள். எண் பழையது என்பதால் பாதுகாப்பு ஓட்டையும் திறந்திருக்கிறது என்று ஆகாது. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, அந்தத் திட்டம் அதை 1.0.1ஜி பதிப்பில் அடைத்தது. டெபியன் 7 வைத்திருந்தவர்களுக்கோ எண் 1.0.1ஈ என்றே நின்றது. டெபியனின் பராமரிப்பாளர்கள் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் சேர்த்து, எண்ணின் வாலை மட்டும் மாற்றி வெளியிட்டிருந்தார்கள். பொதியின் மாற்றக் குறிப்பைத் திறந்து அந்த ஓட்டையின் சிவிஇ எண் (ஓட்டைக்குத் தரப்படும் அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொகுக்கும் வேலையே மிச்சம்.

யோசிக்காமல் சூடோ மேக் இன்ஸ்டால்

மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். தொகுத்ததை நிர்வாகி உரிமையில் கணினிக்குள் நிறுவும் இந்தக் கட்டளையை யோசிக்காமல் அடிப்பதை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஒருமுறை ஒரு நிறுவனத்தின் சர்வரைச் சோதிக்கச் சொன்னார்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தன. பொதிப் பட்டியலில் ஓபன்எஸ்எஸ்எல் அன்றைய தேதிக்குப் புதியது. ஆனால் இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கும் கர்ல் நிரலிடம் அதன் பதிப்பைக் கேட்டால், அது ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு வேறொரு பழைய எண்ணைச் சொன்னது. ஒரு நிரல் எந்த லைப்ரரிகளை எடுக்கிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையை ஓட்டியதும் விஷயம் வெளிப்பட்டது. ஓபன்எஸ்எஸ்எல்லின் லைப்ரரிக் கோப்பான லிப்எஸ்எஸ்எல் என்ற வரியின் வலப்பக்கம் கணினியின் வழக்கமான லைப்ரரி அடைவு இருக்க வேண்டும். அங்கே, கையால் நிறுவியவை போய்ச் சேரும் யுஎஸ்ஆர் லோக்கல் லிப் என்ற அடைவு இருந்தது.

அங்கிருந்த இளம் பொறியாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நான்தான் சார் போட்டேன். ஒரு நிரலுக்கு வேண்டியிருந்தது. உடனே வேலை செய்ததே!"

அதுதான் சிக்கலே. வேலை செய்யும். ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 வரிசையைத் தொகுத்து நிறுவினால், அது தானாக யுஎஸ்ஆர் லோக்கலுக்குள் போய் உட்காரும். டெபியனிலும் உபுண்டுவிலும் லைப்ரரியைத் தேடும் வரிசையில் அந்த அடைவுதான் முன்னால் நிற்கிறது. லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளை ஒருமுறை ஓடிவிட்டால் போதும். அதே பெயருள்ள லைப்ரரியைக் கேட்கும் எல்லா நிரல்களும், வலைச் சேவையகம் உட்பட, நீங்கள் போட்டதையே எடுத்துக்கொள்ளும். பொதிகளை நிறுவிப் புதுப்பிக்கும் பொதி மேலாளருக்கு இது எதுவும் தெரியாது. அதன் பதிவேட்டில் அந்தக் கோப்பே இல்லை. அது நேர்மையாகத் திருத்தத்தை இறக்கித் தன் அடைவில் வைத்துவிட்டு "எல்லாம் புதுப்பிக்கப்பட்டது" என்கிறது. திருத்தம் போய்ச் சேர்ந்தது யாரும் திறக்காத கோப்புக்கு.

நீக்கலாம் என்றால் அடுத்த வேதனை. மேக் அன்இன்ஸ்டால் எல்லாத் திட்டங்களிலும் இருப்பதில்லை. இருந்தாலும் தொகுத்த அடைவும் அன்றைய அமைப்புகளும் வேண்டும். அந்த அடைவை இடத்தை அடைப்பதாகச் சொல்லி எப்போதோ அழித்திருப்பார்கள். இங்கேயும் அதுதான் நடந்தது. அதே பதிப்பை மறுபடி இறக்கி, நிறுவும் இடத்தைத் திசைதிருப்பும் டெஸ்ட்டிர் மாறியைக் காட்டி ஒரு வெற்று அடைவுக்குள் நிறுவி, அங்கே விழுந்த கோப்புகளின் பட்டியலை வைத்துக்கொண்டு சர்வரில் ஒவ்வொன்றாக அழித்தோம். அரை நிமிடத்தில் அடித்த கட்டளைக்கு ஒரு மாலைப் பொழுது போயிற்று.

முன்னொட்டை, அதாவது நிறுவும் அடைவை, யுஎஸ்ஆர் என்றே கொடுத்துப் பொதியின் கோப்புகள் மேலேயே எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

செய்ய வேண்டியது எளிது. தொகுப்பதற்கு முன் கான்ஃபிகர் ஓட்டும்போதே முன்னொட்டை உங்கள் வீட்டு அடைவுக்குள்ளோ ஆப்ட் அடைவுக்குள் தனிப் பெயரிலோ கொடுங்கள். பிறகு அந்த ஓர் அடைவை அழித்தால் எல்லாம் போய்விடும். யுஎஸ்ஆர் லோக்கல்தான் வேண்டுமென்றால் குனு ஸ்டோ இருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளையும் தனி அடைவில் வைத்து இணைப்புகளை மட்டும் வெளியே நீட்டும். இன்னும் நல்லது, விநியோகத்தின் மூலப் பொதியை இறக்கி, வேண்டியதை மாற்றிப் பொதியாகவே கட்டி நிறுவுவது. அப்போது பதிவேட்டுக்கும் தெரியும்.

பிழைச் செய்தியின் கடைசி வரியை மட்டும் தேடுவது

முதல் பிழை மேலே இருக்கிறது. ஏறிப் படியுங்கள்.

ரூட்டாகவே (நிர்வாகிக் கணக்கிலேயே) தொகுப்பது

வேண்டாம்.

மூலநிரல் என்றாலே பாதுகாப்பு என நம்புவது

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியில் பின்கதவு, அதாவது ரகசிய நுழைவழி, கண்டுபிடிக்கப்பட்டது. 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டுத் தொகுப்பில் தொகுக்கும் வேலையை அமைக்கும் ஓர் எம்4 கோப்பு கூடுதலாக இருந்தது. அதுதான் பின்கதவைத் தூண்டியது. மூலநிரலை எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் அந்த வரிகள் இல்லை. நீங்களே தொகுத்ததாலேயே நீங்கள் படித்ததாக ஆகிவிடாது. பொதிகளும் புனிதமல்ல: 2008இல் வெளியான டெபியன் ஓபன்எஸ்எஸ்எல் கோளாறு, பராமரிப்பாளர் செய்த மாற்றத்தால் வந்தது, அதில் உருவான குறியாக்கச் சாவிகள் ஊகிக்கக்கூடியவையாகிவிட்டன. ஆனால் அப்போது திருத்தம் பொதி வழியே எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. கையால் தொகுத்ததற்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். அந்தத் திட்டத்தின் பாதுகாப்பு அறிவிப்புகளுக்கு நீங்களேதான் பதிவுசெய்துகொள்ள வேண்டும்.

வேகத்துக்காகத் தொகுப்பது

தொகுக்கும் கணினியின் செயலிக்கென்றே நிரலைக் கட்டச் சொல்லும் மார்ச் நேட்டிவ் என்ற விருப்பத்தைக் கொடுத்துத் தொகுத்ததைப் பழைய செயலியுள்ள கணினிக்கு நகலெடுக்காதீர்கள். "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடலாம்.