அடுத்த மூன்று வருஷத்துக்குச் சங்கம் எதைக் கையில் எடுப்பது, எப்படி முடிவு செய்வது

ஊதிய ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறேழு மாதம் இருக்கிறதா? இந்த வேலையை இப்போதே தொடங்குங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு உட்கார்ந்தால், போன தடவை கொடுத்த கோரிக்கைப் பட்டியலைத் தூசி தட்டி, தொகையை மட்டும் ஏற்றி நிர்வாகத்திடம் நீட்டுவதுதான் நடக்கும். அம்பத்தூரோ ஒரகடமோ, நிறைய இடங்களில் கதை இதுதான்: நாற்பது கோரிக்கை உள்ளே போகும், சம்பள உயர்வில் ஒரு தொகைக்குக் கையெழுத்தாகும், மீதியைப் பற்றி அதற்கப்புறம் பேச்சே இருக்காது.

முதலில் ஆட்களிடம் கேளுங்கள். பொதுக்குழுவில் மைக்கை நீட்டிக் கேட்டால் எப்போதும் பேசுகிற அதே பத்துப் பேர்தான் பேசுவார்கள். செயற்குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் லைனில் இருப்பவர்களிடம் ஷிப்ட் பஸ்ஸிலும் கேன்டீனிலும் தனித்தனியாகப் பேச வேண்டும். "என்ன வேணும்?" என்று கேட்டால் எல்லோரும் சம்பளம் என்பார்கள். "இந்த வேலையே வேண்டாம்னு கடைசியா எப்போண்ணா தோணுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், வேறு விஷயங்கள் வரும். அசெம்பிளியில் இருக்கும் பெண் பாத்ரூம் போக ரிலீவர் (மாற்று ஆள்) வரும்வரை அடக்கிக்கொண்டு நிற்பதைச் சொல்வார். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிற பஸ் தாம்பரத்தோடு நின்றுவிடுவதால் அங்கிருந்து மேடவாக்கம் போக நடுராத்திரியில் ஆட்டோ தேடுகிற ஒருவர் அதைச் சொல்வார். சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், டிபார்ட்மென்ட்டும் ஷிப்ட்டும் போதும்.

இதெல்லாம் சில்லறை விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்பதும் அவர்களுடைய முக்கியமான குறைகளில் ஒன்று.

கேட்கும்போது கான்ட்ராக்ட், டிரெய்னி, அப்ரண்டிஸ் என்று இருக்கிறவர்களை விட்டுவிட்டால் மொத்த வேலையும் வீண். இதை நான் அழுத்தியே சொல்கிறேன். நிரந்தரத் தொழிலாளர் நூறு பேர், பக்கத்தில் அதே மிஷினில் கான்ட்ராக்ட் முந்நூறு பேர் என்றால், நூறு பேர் வேலையை நிறுத்தினாலும் லைன் ஓடும். நிர்வாகத்துக்கு இது நன்றாகத் தெரியும். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரம் ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் கம்பெனியில் அந்த நாள் கணக்கை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? நாள் கணக்கு முழுதாகும் முன் நிறுத்தி, இடைவெளி விட்டுத் திரும்ப எடுப்பது எங்கே நடக்கிறது என்று பாருங்கள். ஐ.டி. கார்டு, சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் மூன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிற்பாடு வழக்கு என்று போனால் அதுதான் பேசும்.

நோட்டு நிறைந்ததும் செயற்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்காரட்டும். ஒவ்வொரு விஷயத்துக்கும், இது எத்தனை பேரைத் தொடுகிறது, மூன்று வருஷம் தள்ளிப்போட்டால் இன்னும் மோசமாகுமா, இதைத் தருகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். கடைசிக் கேள்வியில்தான் பல சங்கங்கள் கோட்டை விடுகின்றன.

உதாரணத்துக்கு இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அதில் இருக்க மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். 20,000 வாங்குகிறவருக்கு நீங்கள் போராடி 3,000 வாங்கிக் கொடுத்தால், அந்தப் பங்களிப்புக் காலம் (இ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் பிடிக்கிற கணக்குக் காலம்) முடிந்ததும் அவர் இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே போகிறார். அதுவரை கே.கே.நகரிலோ அயனாவரத்திலோ இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அம்மாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்தவருக்கு, கூடுதலாக வந்த பணத்தில் பெரும்பங்கு மெடிக்கல் ஷாப்புக்கே போய்விடும். வரம்பை உயர்த்துவது மத்திய அரசின் கையில். கம்பெனியிடம் எவ்வளவு கேட்டாலும் கிடைக்காது. ஆனால் வரம்பைத் தாண்டுகிறவருக்குப் பெற்றோரையும் சேர்த்து மருத்துவக் காப்பீடு என்பதைக் கம்பெனி தர முடியும். ஆகவே அதை ஊதிய உயர்வோடு சேர்த்து ஒரே கோரிக்கையாக வையுங்கள். வரம்பு உயர்வை மற்ற சங்கங்களோடு சேர்ந்து கேட்க வேண்டியவை என்ற தனித்தாளில் எழுதுங்கள்.

அந்தத் தனித்தாளும் முக்கியம்தான். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எல்லாச் சங்கங்களும் ஒன்றாக எதிர்த்ததால் மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். ஒரு தனிச் சங்கத்தால் அதைச் செய்திருக்க முடியாது. இப்படி ஏதாவது திடீரென்று வரும் என்று வைத்துக்கொண்டு நேரத்திலும் நிதியிலும் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்று, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், அதாவது பழைய மத்தியச் சட்டங்கள் பலவற்றை ஒன்றாக்கிய புதிய சட்டங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருக்கிற இடத்தில் 51 சதவீதம் பேரை வைத்திருக்கிற சங்கம்தான் தனியாகப் பேச்சுவார்த்தை நடத்த முடியும். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன் நோட்டீஸ் கட்டாயம். பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் சி.எல். (தற்செயல் விடுப்பு) போட்டால் அதுவும் வேலைநிறுத்தக் கணக்கில் வரும், அதனால் அந்தப் பழைய வழியை நம்பித் திட்டம் போடாதீர்கள். உறுப்பினர் எண்ணிக்கை உங்களிடம் 40 சதவீதம்தான் என்றால் முதல் வருஷத்தின் முதல் வேலை ஆள் சேர்ப்பு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கடைசியில் மூன்று விஷயம் தேறினால் போதும், நான்குக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு தேதி. "செயற்குழு பொறுப்பு" என்று எழுதினால் யாருக்கும் பொறுப்பில்லை. மூன்றில் ஒன்றாவது ஆறு மாதத்துக்குள் கிடைக்கக் கூடியதாக இருக்கட்டும், அந்த நடுராத்திரி பஸ்ஸைப் போல. அது கிடைத்தால்தான் சந்தா கொடுக்கத் தயங்குகிறவர்கள் பக்கத்தில் வருவார்கள்.

பொதுக்குழுவில் வைக்கும்போது, விட்டுப்போன கோரிக்கைகளையும் ஏன் இந்தத் தடவை இல்லை என்ற காரணத்தையும் சேர்த்து வாசியுங்கள். இதற்குத் துணிச்சல் வேண்டும், சத்தம் வரும். வரட்டும். தன் கோரிக்கை காணாமல் போனதை நோட்டீஸ் போர்டில் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஆள் அடுத்த கேட் மீட்டிங்குக்கு வர மாட்டார். கைதூக்கி ஓட்டெடுங்கள், கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் உறுப்பினராக இருந்தால் அவர்களும் ஓட்டுப் போடட்டும். முடிவை ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்து ஷிப்ட் பஸ்ஸில் கொடுங்கள். ஒடியா, இந்தி பேசுகிற தொழிலாளர்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும் ஒரு தாள். ஆறு மாதம் கழித்து அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேச ஒரு தேதியையும் அன்றைக்கே குறித்துவிடுங்கள்.