மாசி வெயில் ஏறுமுன் தோட்டத்தில் முடிக்க வேண்டிய வேலைகள்

மாசி பிறந்ததும் விடியலில் புல் நுனியில் பனி நிற்கும், பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். வடகிழக்குப் பருவமழை விட்டுப்போன ஈரம் மேல்மண்ணைவிட்டுக் கீழே இறங்கும் நேரம் இது. தென்னையும் மாமரமும் கொஞ்சம் பூச்செடியும் உள்ள தோட்டத்துக்கு, சித்திரையில் ஊற்றும் தண்ணீரைவிட மாசியில் காப்பாற்றும் ஈரம்தான் பெரிது. அதற்கு வேலையை வரிசையாகச் செய்ய வேண்டும்: முதலில் தண்ணீர்க் குழாய், பிறகு மண்ணை நனைப்பது, கடைசியில் மூடாக்கு, அதாவது மண்ணை ஓலை, சருகால் மூடுவது. காய்ந்த மண்ணின்மேல் மூடாக்குப் போட்டால், எப்போதாவது பெய்யும் கோடைத் தூறலை அதுவே குடித்துவிடும். வேருக்கு ஒன்றும் போகாது.

சொட்டுநீர்க் குழாய்

முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். வலை கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஒட்டுப்போட்ட வலை மண்ணை உள்ளே விட்டுவிடும். அடுத்து சப்மெயினின் (தோட்டத்துக்குள் வரும் கிளைக்குழாய்) கடைசி வால்வைத் திறந்து, கலங்கல் தீர்ந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள். லேட்டரல்களின் (மரத்தடிக்குப் போகும் சிறுகுழாய்கள்) எண்ட் கேப்பை, அதாவது கடைசி மூடியை, ஒரே நேரத்தில் எல்லாம் திறக்காமல் ஐந்து, பத்தாகத் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் அழுத்தம் இறங்கி, அழுக்கு உள்ளேயே தங்கிவிடும்.

அடைப்பு இருக்கிறதா என்று பார்வையால் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். மணிக்கு 4 லிட்டர் சொட்டும் டிரிப்பருக்கு (சொட்டுவான்) கீழே டம்ளரை வைத்தால் 3 நிமிடத்தில் 200 மில்லி விழ வேண்டும். 8 லிட்டர் டிரிப்பரில் 400 மில்லி. ஒவ்வொரு லேட்டரலிலும் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் பிடித்துப் பாருங்கள். டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது உப்பு; வழுவழுப்பாக இருந்தால் பாசி.

உப்புக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். உங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் வாளியில் அளந்து எடுத்து, அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாள் 4 காட்டும்வரை அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அந்த விகிதத்தில் உரத்தொட்டி வழியாகச் செலுத்தி, கடைசி டிரிப்பரிலும் தாள் 4 காட்டியதும் மோட்டாரை நிறுத்துங்கள். ஒரு நாள் அப்படியே விட்டு, மறுநாள் எண்ட் கேப்பைத் திறந்து அலசிவிடுங்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் தெறித்து முகத்தைச் சுடும். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் பயன்படுத்துவதாக இருந்தால் அது வேறொரு நாள் வேலை. இரண்டும் கலந்தால் வரும் குளோரின் வாயு ஆளையே கொல்லும்.

வட்டப்பாத்தியும் மூடாக்கும்

காய்க்கும் தென்னைக்கு மாசி முதல் வைகாசி வரை நாளொன்றுக்கு 65 லிட்டர் தண்ணீர் என்பது கொங்குப் பகுதிக்கான பரிந்துரை. மரத்துக்கு நான்கு 8 லிட்டர் டிரிப்பர் இருந்தால் இரண்டு மணி நேரம் ஓட்டினால் சரியாகிவிடும். மூடாக்குக்கு முன் வட்டப்பாத்தி முழுவதையும் ஒருமுறை நன்றாக நனையுங்கள். பாத்தி தூரிலிருந்து 1.8 மீட்டர் ஆரம் இருக்க வேண்டும். உறிஞ்சும் வேர்கள் அந்த வட்டத்தில்தான் அதிகம். தை மாத உரம் விட்டுப்போயிருந்தால், இந்த ஈரத்திலேயே வைத்துவிடுங்கள்.

ஒரு மரத்துக்கு 100 உரிமட்டைகளை (தேங்காய் உரித்த மட்டை) குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்க அடுக்கலாம். அல்லது காய்ந்த ஓலை 15 போதும். நார்க்கழிவு என்றால் 10 சென்டிமீட்டர் கனம் வேண்டும். எதைப் போட்டாலும் தூரைச் சுற்றி ஓர் அடி வெறுமையாக விடுங்கள். சருகு தூரில் ஒட்டியிருந்தால் கரையான் அதன் மறைவிலேயே மரமேறும்.

இந்த மாதத்தில்தான் வேம்பும் புங்கனும் இலை உதிர்க்கும். அதைக் கூட்டித் தீவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை என்பது வருத்தம் தருகிறது. ஐப்பசியில் நட்ட கன்றுக்கு அதுவே முதல் கோடையின் போர்வை. அரையடிக் கனத்துக்குப் பரப்பி, காற்றில் பறக்காமல் மேலே நாலைந்து மட்டைகளை வையுங்கள்.

ஓலையின் அடிப்பக்கம் வெள்ளைச் சுருள் தெரிந்தால் சுருள் வெள்ளை ஈ. 2016 முதல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையைப் பிடித்திருக்கும் பூச்சி, வறட்சியில் பெருகும். மருந்தடித்தால் அதைத் தின்னும் என்கார்சியா என்ற சிறு குளவி ஒட்டுண்ணியும் சேர்ந்து சாகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பதும், விளக்கெண்ணெய் தடவிய 5 அடிக்கு 1.5 அடி மஞ்சள் தாளை ஏக்கருக்கு எட்டு வீதம் கட்டுவதும் நல்லது.

மா, கொய்யா, மல்லிகை

பூவெடுத்து நிற்கும் மாமரத்துக்குத் தண்ணீர் விடாதீர்கள். பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை விடத் தொடங்கலாம். பூங்கொத்தைத் தட்டினால் தத்துப்பூச்சி பறக்கிறதா? லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, தேனீ அடங்கிய மாலையில் அடியுங்கள். பூவில் சாம்பல் பூசியதுபோல் இருந்தால் நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். இரண்டுக்கும் இடையில் இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். எண்ணெய்ப் படலத்தின்மேல் கந்தகம் பட்டால் இலை கருகும்.

கொய்யாவுக்கு இது கவாத்து (கிளை வெட்டும்) மாதம். சென்ற பருவக் கிளைகளின் நுனியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் வெட்டினால் பக்கக் கிளை வெடித்து, அதில் பூ வரும். கார்த்திகையில் வெட்ட மறந்த குண்டுமல்லியை மட்டும் இப்போது தொடவே வேண்டாம். பங்குனிப் பூ போய்விடும். நிழல் மரங்களில் பட்ட கிளையை மட்டும் எடுங்கள். பச்சைக் கிளையைக் கழித்தால் இதுவரை நிழலில் இருந்த பட்டையில் வெயில் விழுந்து வெடிக்கும்.

பெரிய வெட்டுவாய்க்குப் போர்டோ பசை: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரண்டையும் தனித்தனியே 5 லிட்டரில் கரைத்து, மூன்றாவது பிளாஸ்டிக் வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்குங்கள். இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை, இன்னும் சேருங்கள். செய்த அன்றே தடவி முடிக்க வேண்டும்.

எருக்குழியும் வேலியும்

எருக்குழியை அடிவரை புரட்டி, வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும், தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

கிளுவை வேலி இலையில்லாமல் நிற்பதால் ஆடு நுழையும் சந்துகள் இப்போதே தெரியும், அவற்றுக்கு முள்ளடையுங்கள். வேலியின் உட்புறம் பத்தடி அகலத்துக்குக் காய்ந்த புல்லைச் செதுக்கி மண் தெரிய விடுங்கள். மூடாக்குப் போட்ட தோட்டத்தில், தூரைச் சுற்றிய ஓர் அடியைத் தவிர, வெறுமையாக இருக்க வேண்டிய இடம் இந்தப் பத்தடிதான். பீடித் துண்டோ, பக்கத்துக் காட்டில் வைத்த தீயோ உள்ளே வந்தால், பரப்பிய ஓலை எல்லாம் பற்றிக்கொள்ளும்.