பிக்கப் வண்டி: டீசலா, பெட்ரோலா?

பெங்களூருவில் பிக்கப் எடுக்கும் முன், டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலையைக் கிலோமீட்டருக்கு மிச்சமாகும் எரிபொருள் காசால் வகுத்துப் பாருங்கள். கூடுதல் விலை 60,000 ரூபாய், மிச்சம் 1.50 ரூபாய் என்று வைத்தால், 40,000 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் டீசல் லாபம். கே.ஆர். மார்க்கெட்டைச் சுற்றியே ஓடும் வண்டிக்குப் பெட்ரோலே மேல். பி.எஸ்.6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது, அது நன்றாகச் சூடேறினால்தான் கரி எரியும். இரண்டு மூன்று கிலோமீட்டர் நடையில் சூடு ஏறாது. அடைத்துக்கொள்ளும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், இழுவை குறையும். மாற்றினால் பெரிய செலவு.

தினமும் ஓசூர் வரை முழு லோடு அடிப்பவர்களுக்கு இது பொருந்தாது. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே, அதாவது குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே, கிடைக்கும் டீசலின் இழுவிசைதான் (டார்க்) அங்கே கைகொடுக்கும், வடிகட்டியும் ஓட்டத்திலேயே சுத்தமாகிவிடும்.