வரைபடம் இல்லாத குவில்ட் வகுப்பு: துணியும் கருவிகளும் தயார் செய்யும் முறை

குவில்ட் என்பது துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை. வரைபடம் பார்த்துத் தைக்கும் குவில்ட்டில் எல்லாத் துண்டுகளையும் முதலிலேயே அளந்து வெட்டிவிடுவோம். வரைபடமின்றிப் போகப்போக முடிவுசெய்து தைக்கும் இம்ப்ரொவைசேஷனல் குவில்ட்டில் அது நடக்காது. ஒரு துண்டைத் தைத்து, சுவரில் ஒட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த துண்டு எது என்றே தெரியும். ஆகவே வீட்டிலிருந்து துணியை வெட்டிக்கொண்டு போகாதீர்கள். எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் அப்போதே வெட்டித் தைக்கலாம் என்ற நிலையில் கொண்டுபோனால் போதும்.

1. எவ்வளவு துணி வேண்டும்?

36 அங்குலச் சதுரமாக ஒரு மேல்துணி (குவில்ட்டின் மேல் அடுக்கு) தைப்பதாக வைத்துக்கொள்வோம். 10 நிறங்களில், ஒவ்வொன்றிலும் முழு அகலத்தோடு 25 செ.மீ. எடுங்கள். பின்னணிக்கு ஒரே நிறத்தில் 1 மீட்டர் தனியாக வேண்டும்.

இவ்வளவு எதற்கு என்று தோன்றும். ஒன்றரை அங்குல அகலத்தில் ஒரு பட்டை வெட்டினால், இரு பக்கமும் கால் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். வெளியே தெரிவது 1 அங்குலம்தான். மூன்றில் ஒரு பங்கு துணி தையலே தின்றுவிடுகிறது. பட்டை குறுகக் குறுக இந்த இழப்பு கூடும். குறுகிய பட்டைகள் பிடித்தவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்தே எடுத்துவையுங்கள்.

நெய்த காட்டன் துணிதான் நல்லது. இழுபடும் பனியன் துணி, வழுக்கும் சாட்டின், சூட்டில் உருகக்கூடிய பாலியெஸ்டர் மூன்றும் தொடக்கத்தில் வேண்டாம். பழைய சட்டை, படுக்கை விரிப்பு தாராளமாக ஆகும். அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள ஜீஸ் பெண்ட் பெண்களின் குவில்ட்கள் 2002இல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுப் பெரும் புகழ் பெற்றன. அவற்றில் பல, உழைத்துத் தேய்ந்த வேலை உடுப்புகளால் ஆனவை. ஆனாலும் முதல் முயற்சியில் ஜீன்ஸையும் மெல்லிய காட்டனையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். தடித்த தையல் மேடாக நிற்கும், பக்கத்திலுள்ள மெல்லிய துணி சுருங்கிப்போகும்.

2. வெளிர், நடுத்தரம், அடர்த்தி

மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். நிறங்களை மட்டும் பார்த்துத் துணி எடுப்பவர்களிடம் கடைசியில் நடுத்தர அடர்த்தியுள்ளவையே சேர்ந்துவிடும். தைத்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, எல்லாம் ஒரே பரப்பாகத் தெரியும்.

10 துணிகளையும் மடித்து வரிசையாக அடுக்கி, போனில் படம் எடுத்து, அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நேரில் பளிச்சென்று வேறுபட்டுத் தெரிந்த சிவப்பும் பச்சையும் பல சமயம் ஒரே சாம்பலாக நிற்கும். அப்படி நின்றால் இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு, அதைவிட நன்றாக வெளிர்ந்ததையோ அடர்ந்ததையோ வையுங்கள். 4 வெளிர், 3 நடுத்தரம், 3 அடர்த்தி என்று இருந்தால் வேலைக்கு வசதி.

குறைந்தது பாதியாவது ப்ளெயின் துணியாக இருக்கட்டும். பூ அச்சு நிறைந்த துணிகள் அருகருகே வந்தால் தையல் கோடு மறைந்துவிடும். இந்த வகைக் குவில்ட்டுக்கு அழகே அந்தக் கோடுதான். கண்ணை இழுக்கும் ஒரு நிறம் 10 செ.மீ. இருந்தாலே போதும்.

3. துவைத்தல், சாயச் சோதனை

புதுக் காட்டன் துணி மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. வரை சுருங்கலாம். ஒன்று சுருங்கி மற்றொன்று சுருங்காவிட்டால், முடித்த குவில்ட் முதல் துவைப்பிலேயே கோணிக்கொள்ளும். அடர்நிறங்களைத் தனியாகத் துவையுங்கள். துவைப்பதற்கு முன் நான்கு மூலைகளையும் சின்னதாகச் சாய்த்து வெட்டிவிட்டால் ஓரத்து நூல் பிரிவது குறையும்.

சிவப்பு, கருநீலம், கருப்பு மூன்றையும் கட்டாயம் சோதியுங்கள். துணியின் ஒரு ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணிமேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கறை பட்டால் மறுபடி துவையுங்கள். மூன்றாவது தடவையும் கறை விட்டால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள்.

4. கஞ்சியும் இஸ்திரியும்

ஸ்கேல் வைக்காமல் வெட்டும்போது பல ஓரங்கள் சாய்வாக வரும். தையல்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்வது இதைத்தான். கிராஸ் ஓரம் ரப்பர் மாதிரி இழுபடும், இழுபட்ட ஓரத்தைத் தைத்தால் பிளாக் (துண்டுகளைச் சேர்த்துத் தைத்த பகுதி) அலையலையாகத் தூக்கும். வெட்டுவதற்கு முன்பே லேசாகக் கஞ்சி போட்டு, காய்ந்ததும் இஸ்திரி போட்டால் துணி விறைப்பாக நிற்கும். பெட்டியைத் தேய்த்து இழுக்கக் கூடாது, வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். இருபுறமும் உள்ள கெட்டியான கரையை வெட்டி எறியுங்கள். அது மற்ற துணியைப் போலச் சுருங்காது.

5. மெஷின்

80/12 ஊசி, புதிதாக. 50 எண் காட்டன் நூல், சாம்பல் நிறத்தில். சாம்பல் நூல் பெரும்பாலான நிறங்களோடு ஒத்துப்போவதால் அடிக்கடி நூல் மாற்றவேண்டியதில்லை. 4 பாபின்களில் முன்கூட்டியே நூல் சுற்றிக்கொள்ளுங்கள்.

தையல் நீளத்தை வழக்கமான 2.5 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ.க்குக் குறையுங்கள். தைத்த துண்டையே குறுக்கே வெட்டி மறுபடி தைப்போம். வெட்டிய இடத்தில் தையலுக்கு முடிச்சு இருக்காது. நெருக்கமான தையலாக இருந்தால் கையாளும்போது பிரியாது.

தையலுக்கு விடும் கால் அங்குலம் சரியாக வருகிறதா என்றும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஒன்றரை அங்குல அகலமும் 4 அங்குல நீளமும் உள்ள 3 பட்டைகளைப் பக்கம் பக்கமாகத் தைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் காட்ட வேண்டும். குறைந்தால் தையலை ஓரத்துக்குக் கொஞ்சம் நெருக்குங்கள், கூடினால் உள்ளே தள்ளுங்கள். சரியான இடம் கிடைத்ததும் மெஷின் தட்டில் ஒரு டேப் துண்டை ஒட்டிவையுங்கள்.

6. பையில் வைக்க வேண்டியவை

45 மி.மீ. ரோட்டரி கட்டர் (உருளும் வட்ட பிளேடுள்ள வெட்டுக்கருவி), ஒரு மாற்று பிளேடு, வெட்டும்போது அடியில் வைக்க 18க்கு 24 அங்குல கட்டிங் மேட், 6க்கு 24 அங்குல ஸ்கேல், குண்டூசி, சின்னக் கத்தரி, தையல் பிரிக்கும் கருவி. வெட்டிய கோட்டில் அங்கங்கே நூல் அறுபடாமல் நின்றால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்காகக் கையால் அழுத்தம் கூட்டினால் கட்டர் வழுக்கி விரலை வெட்டும். பிளேடை மாற்றுங்கள். மேட்டை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள், வளைந்துவிட்டால் மறுபடி நேராவது கடினம்.

சுவரில் மாட்ட வெள்ளை அல்லது சாம்பல் ஃபிளானல் 1 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சொரசொரப்பில் துணித்துண்டுகள் ஊசி குத்தாமலே ஒட்டி நிற்கும், விருப்பப்படி இடம் மாற்றலாம். கூடவே ஒரு காலிப் பையும் இருக்கட்டும். வெட்டிய மிச்சத்தில் 1 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ளதை எல்லாம் அதில் போடுங்கள். நாள் முடியும்போது நீங்கள் தேடும் அந்த ஒரு துண்டு பெரும்பாலும் அந்தப் பைக்குள்தான் இருக்கும்.