ஏசி கடையில் வழுக்கும் நெக், திருவிழாப் பந்தலில் ஒட்டும்: பேஸ் கிட்டார் வாங்கும்போது செய்யும் தவறுகள்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இருப்பவர்கள் பேஸ் கிட்டார் வாங்க வேண்டுமென்றால் பெரும்பாலும் மதுரைக்குத்தான் போகிறோம். வெயிலில் அலைந்துவிட்டு கடைக்குள் நுழைந்தால் ஏசி. பத்து நிமிடத்தில் கை காய்ந்துவிடும். ஸ்டூலில் உட்கார்ந்து நாலு வரி வாசித்துப் பார்ப்போம். கிட்டாரின் நீண்ட கழுத்துப் பகுதியான நெக்கின் பின்பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், பெருவிரல் வழுக்கிக்கொண்டு போகும். சரி, இதுதான் என்று பணத்தைக் கட்டிவிடுவோம். அதே கிட்டாரை ஜூலையில் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழா நேரத்தில், காற்று புகாத பந்தலுக்குக் கீழே ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டு வாசித்தால் பெருவிரல் நெக்கோடு ஒட்டிக்கொள்ளும். என் முதல் பேஸ் வீட்டுக்கு வந்த கதை இது. நெக்கில் பழுது ஒன்றும் இல்லை. நான் பார்த்த இடம் வேறு, வாசித்த இடம் வேறு.

ஆகவே கடைக்குப் போகும்போது உங்கள் ஸ்ட்ராப்பை எடுத்துப் போங்கள். நின்று வாசியுங்கள், இருபது நிமிடமாவது. நடுவில் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு, கை வேர்த்திருக்கும்போதே திரும்ப வந்து எடுத்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

‘மெலிசான நெக் வேணும்ணே’ என்று கேட்கிற தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மெலிசா, ஒடுக்கமா? இரண்டும் வேறு. ஒடுக்கம் என்பது தந்திகள் பரவியிருக்கும் அகலம். மெலிசு என்பது பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் இருக்கும் மரத்தின் கனம். 1951-இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வகையில் நட் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) அருகே அகலம் இன்று பெரும்பாலும் 41 மி.மீ.; பழைய அளவில் செய்பவை 44 வரை போகும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸ் 38 மி.மீ. இன்று சந்தையில் உள்ள நிறைய பேஸ்கள் இந்த இரண்டில் ஒன்றைப் பார்த்துச் செய்தவை என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். 41-க்கும் 38-க்கும் வித்தியாசம் 3 மி.மீ. அது கிட்டத்தட்ட பேஸின் மிகத் தடித்த தந்தியான ‘E’-யின் கனம். காகிதத்தில் ஒன்றுமில்லாத மாதிரி தெரியும். முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) வாசித்துப் பார்த்தால் கை உடனே சொல்லிவிடும். பாடி பக்கம் போனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம்தான். எப்போதும் மேலே பன்னிரண்டாம் ஃப்ரெட் அருகே மட்டும் வாசித்துப் பார்த்து வாங்குகிறவர் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுவார். கோயில் பாட்டுகளில் கை முக்கால்வாசி நேரம் கிடப்பது கீழே, நட் பக்கம்.

அப்புறம் இந்த எழுத்துகள். சி, டி, யூ, வி என்று நெக்கைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவத்துக்குப் பெயர். சி உருண்டு இறங்கும், டி பின்னால் தட்டையாக இருக்கும், யூ-வில் தோள், அதாவது பின்பக்கத்தின் இரண்டு ஓரமும், புடைத்திருக்கும், வி நடுவில் கூராகும். ஆனால் ஒரு கம்பெனியின் சி இன்னொரு கம்பெனியின் சி அல்ல. இதற்கென்று பொதுவான தர அளவு எதுவும் கிடையாது. ஆன்லைனில் ‘மாடர்ன் சி’ என்று படித்துவிட்டு ஆர்டர் போடுவது, ‘பெரிய சைஸ்’ என்று மட்டும் சொல்லி சட்டை வாங்குவது மாதிரி. முதல் ஃப்ரெட்டிலும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலும் கனம் எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். முதல் ஃப்ரெட்டில் 20-க்குப் பக்கத்தில் இருந்தால் மெலிசு பக்கம், 22-ஐத் தாண்டினால் கைநிறைய என்று வைத்துக்கொள்ளலாம். கனம் ஒன்றாக இருந்தாலும் தோள் புடைத்திருந்தால் கை அதைத் தடிப்பாகவே உணரும்.

சின்னக் கைக்கு மெலிசான நெக்தான் என்பது எல்லோரும் சொல்வது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ரொம்ப மெலிசாக இருந்தால் பிடிப்பதற்கு உள்ளங்கையில் ஒன்றும் இருக்காது, பெருவிரல் கிடுக்கி மாதிரி நெருக்கும். அரை மணி நேரத்தில் பெருவிரலின் அடிச்சதை இறுகி வலிக்கும். விசைப்படகில் கயிறு இழுத்துக் காய்ப்பு விழுந்த கை ஒன்று எங்கள் குழுவில் இருக்கிறது; பெரிய கைதான், ஆனால் அவனுக்குப் பிடித்தது ஒடுக்கமான ஜாஸ் நெக். தடித்த, புடைத்த நெக்கில் களைக்காமல் வாசிக்கிற சின்னக் கைகளும் உண்டு. கை எட்டவில்லை என்பதுதான் பிரச்சினை என்றால் அது பெரும்பாலும் நெக்கின் நீளம். 34 அங்குல ஸ்கேலுக்கு (தந்தி அதிரும் நீளம்) பதிலாக 30 அங்குல ஷார்ட் ஸ்கேலை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

இனி ஃபினிஷ், அதாவது நெக்கின் மேல்பூச்சு. நம் கரையில் அதிகம் ஏமாறுவது இதில்தான். பளபளப்பான கிளாஸ் (gloss) ஃபினிஷ் கெட்டது என்று சொல்ல வரவில்லை. பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தையும் உப்பையும் மரத்துக்குள் விடாமல் நன்றாகத் தடுக்கும். ஆனால் அந்த வழவழப்பான பரப்பில் வேர்வைப் படலம் பட்டால் தோல் முழுவதுமாக ஒட்டும். பளபளப்பில்லாத சாட்டினும் பெரும்பாலும் அதே வகைப் பூச்சுதான், மேல்பரப்பு மட்டும் நுண்ணிய சொரசொரப்பு. தோல் முழுவதும் படியாததால் கை நகரும். பல வருடம் தேய்ந்தால் அதுவும் பளபளக்கும். பழைய கிட்டார்களில் வரும் நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு மெல்லியது, தொட இனிமையானது. வேர்வையும் சூடும் அதை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும். எண்ணெயும் மெழுகும் தேய்த்த நெக்குகளும் உண்டு, மியூசிக் மேன் ஸ்டிங்ரே மாதிரி. என் கைக்கு அதுதான் சொர்க்கம். ஆனால் அழுக்கு ஏறி மேப்பிள் சாம்பல் நிறமாகும், அவ்வப்போது துடைத்துத் திரும்ப எண்ணெய் காட்ட வேண்டும். அதற்குச் சோம்பல் என்றால் சாட்டினோடு நில்லுங்கள்.

ஒட்டுகிற கிளாஸ் நெக்கைக் கைவசம் வைத்திருப்பவர்கள் செய்யும் வேலைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பவுடர் போடுவது: வேர்வையோடு குழைந்து தந்திக்குள் புகும். தேங்காய் எண்ணெய்: அது காய்ந்து இறுகும் எண்ணெய் இல்லை, பிசுக்காகவே கிடக்கும். படகு பெயின்டுக்கு வைத்திருக்கும் தின்னரால் துடைப்பது: நைட்ரோ என்றால் பூச்சு கரைந்து துணியோடு வந்துவிடும். உப்புத்தாளை எடுத்து மரம் தெரியும் வரை தேய்த்து அப்படியே விடுவது எல்லாவற்றிலும் மோசம். பூச்சில்லாத மரம் வாடை மாதங்களின் ஈரத்தைக் குடிக்கும், நெக் அசையும்.

பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போதும். ஃப்ரெட்போர்டின் ஓரத்தையும் தலைப்பகுதியையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, பின்பக்கத்தை மட்டும் நீளவாக்கில், அழுத்தாமல், பளபளப்பு மங்கும் வரை தேய்த்தால் ஆயிற்று. இரும்பு நார் வேண்டாம். துகள்கள் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் காந்தத்தில் போய் ஒட்டும், நம் ஊர்க் காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும். வாரண்டி இருக்கும் கிட்டாரிலும் விலைமதிப்புள்ள பழைய கிட்டாரிலும் இதைச் செய்யாதீர்கள். எண்ணெய் நெக்குக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், பூசிய துணியை உருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். குவித்து வைத்தால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடும்.

கடைசியாக, நெக் மேல் போடும் பழிகளில் பாதி நெக்குடையது அல்ல. தந்தி உயரமாக இருந்தால் எந்த வடிவமும் வலிக்கும். ஸ்ட்ராப்பை முழங்கால் வரை இறக்கினால் மணிக்கட்டு மடங்கி வலிக்கும். உப்பேறித் துருப்பிடித்த தந்தி விரலை இழுக்கும். வாசித்ததும் உலர்ந்த துணியால் தந்தியின் அடிவரை துடைத்தால் நிறைய நாள் தாங்கும். மழைக்காலம் வந்து போனதும் நெக்கின் வளைவு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் நெக்குக்குள் ஓடி வளைவைச் சரிசெய்யும் கம்பியான டிரஸ் ராடை ஒரே மூச்சில் திருகாமல், கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிவிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். திருகாணி அசைய மறுத்தால் சாவியைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி மதுரைக்கே பஸ் ஏறுங்கள்.